மறுபக்கம் வளைந்த எலும்பு

எக்ஸ்ரே படங்களைப் பார்த்து பிளாஸ்டரில் எலும்பின் மாதிரியைச் செய்வது அப்போது பதுளை ஆஸ்பத்திரியில் என் வேலை. முன்பக்கப் படம் ஒன்று, பக்கவாட்டுப் படம் ஒன்று. இரண்டையும் பார்த்துச் செதுக்குவேன். டாக்டர் அந்த மாதிரியின் மேல் வைத்துத்தான், எலும்பில் பொருத்தும் உலோகத் தகட்டை வளைப்பார்.

நமுனுகுலத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கு, முறிந்த கால் கோணலாக ஒட்டியிருந்தது. மறுநாள் ஆபரேஷன். என் அறைப் பக்கம் வந்த அந்தப் பெண், காயவைத்திருந்த மாதிரியை எடுத்துத் தன் முழங்காலுக்குக் கீழே வைத்துப் பார்த்தார்.

"இது என்னோடது இல்லீங்க. எனக்கு வெளிப்பக்கமால்ல வளைஞ்சிருக்கு."

"எங்களுக்குத் தெரியும், வைங்க" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் போனபின் மனம் கேட்கவில்லை. விளக்குப் பெட்டியில் நான் மாட்டியிருந்த படத்தைப் போய்ப் பார்த்தேன். வலது காலைக் குறிக்கும் 'ஆர்' எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி நின்றது. படத்தைப் புரட்டி மாட்டி, வலது காலுக்கு இடது எலும்பைச் செய்திருக்கிறேன்.

புதிதாக ஒன்று செய்து எடுத்துப்போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல ஏச்சு விழும் என்று நின்றேன்.

"தகடு இன்னும் வளைக்கேல்ல" என்றார். "முதல்ல அவவிட்டக் காட்டும். பிறகு என்னட்டக் கொண்டு வாரும்."

வார்டில் அவர் அதைக் காலோடு ஒட்டிவைத்து, வளைவை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஆமாங்க, இதுதாங்க அந்தச் சனியன்."

மாதிரியை வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன்.