ஊமத்தம்பூ பெட்ஷீட்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அகஸ்டினா போட்ட ஊமத்தம்பூ பெட்ஷீட்டுக்கு எழுபதுகளின் கடைசியில் அப்படியொரு கிராக்கி. படத்தை வரைந்ததும் அவள்தான், அச்சுக்கான ஸ்கிரீன் செய்து துணியில் அடித்ததும் அவள்தான். நெல்லித்தோப்பில் ஜவுளிக்கடை வைத்திருந்த கண்ணையன் வாங்கி விற்றுக்கொண்டிருந்தான். ஒரு நாள் அவன் கடையில் அதே பூவைப் பார்த்தாள், துணி அவளுடையதில்லை. வெளியூரில் கொடுத்துக் காப்பியடித்திருந்தான்.

பிரெஞ்சுச் சட்டம் படித்த வக்கீல் லூயிஸிடம் போனாள். வழக்குப் போடும்போதே அவர் சொல்லிவிட்டார்: “பிரெஞ்சுக்காரன் சட்டத்துல படத்துக்கான உரிமையும் டிசைன் உரிமையும் சேர்ந்தே நிக்கும்மா. இப்ப இங்க இருக்கற இந்தியச் சட்டம் வேற. டிசைனைப் பதிவு பண்ணாம அம்பது துணிக்கு மேல அச்சடிச்சிட்டா, படத்தோட காப்பிரைட்டும் போயிடும்.”

அப்படியேதான் தீர்ப்பு வந்தது. கோர்ட் வாசலில் கண்ணையன் சிரித்தான். “இனிமே அது ஊர் சொத்தும்மா. யார் வேணா போடலாம்.”

அந்தச் சிரிப்பு அவளைத் தூங்கவிடவில்லை. மறுபடியும் லூயிஸிடம் போனாள்.

“அவன் இப்ப அதைத் தன் பேர்ல பதிவு பண்ணிக்க முடியுமா?”

“முடியாது. கடைத்தெருவுக்கு வந்துட்ட டிசைன். புதுசு இல்லையே. மத்தவங்க போடறதை அவனாலயும் தடுக்க முடியாது.”

அது போதும் அவளுக்கு. தீபாவளிக்காகக் கண்ணையன் கிடங்கு நிறைய அந்தப் பெட்ஷீட்டை அடுக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு அந்தப் பூவுக்கான ஸ்கிரீன்களைச் செய்து ரெட்டியார்பாளையம் வரைக்கும் பட்டறை பட்டறையாகச் சும்மா கொடுத்தாள்.

“உன் பூவும் போயிடுமே” என்றான் புருஷன் கிறிஸ்துதாஸ்.

“போகட்டும். அவன் அதை வச்சுப் பொழைக்கக் கூடாது.”

நடைபாதையில்கூட ஊமத்தம்பூ பெட்ஷீட்டைப் பாதி விலைக்குக் கூவிக்கூவி விற்றார்கள். கண்ணையனின் சரக்கை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. வீடு தேடி வந்து நின்றான்.

“நிறுத்தச் சொல்லும்மா. கடையே போயிடும்.”

“நிறுத்த எனக்கு ஏதுண்ணே உரிமை? உங்க வக்கீல்தானே இல்லைன்னு நிரூபிச்சாரு?”

கதவைச் சாத்தினாள்.

பொங்கலுக்குள் அவன் கடையை மூடிவிட்டுக் கடலூர் பக்கம் போய்விட்டான். அதற்குப்பின் அவள் எந்த டிசைனையும் கல்கத்தாவிலிருந்த டிசைன் ஆபீசுக்கு அனுப்பிப் பதிவு செய்யாமல் அச்சுக்கு எடுத்ததில்லை. ஊமத்தம்பூ அளவுக்கு எதுவும் ஓடவில்லை. அதைப் பற்றி அவள் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும், சுற்றுவழி என்றாலும், நெல்லித்தோப்பில் பூட்டிக்கிடந்த அந்தக் கடையை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.