மாதாவின் தேய்ந்த பாதம்

என் மனைவிக்கு இதய வால்வு பழுது என்று டொக்டர் சொன்ன கிழமையிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு படிவம் கிடந்தது. ஒப்பரேஷனுக்குச் சம்மதம் என்று அவள் கையெழுத்து வைக்கவேண்டிய படிவம். அதைத் தள்ளிவைத்துவிட்டு மரக்கறி வெட்டினாள், அதன்மேல் கரண்ட் பில்லை வைத்தாள். கையெழுத்து மட்டும் வைக்கவில்லை.

மயக்க ஊசி போட்டால் தான் எழும்ப மாட்டேன் என்பதே அவள் பேச்சு. ஜெர்மனியில், டுசல்டோர்ஃப் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இருபது வருடங்களுக்கு மேல் துப்புரவு வேலை செய்தவள். ஒப்பரேஷன் தியேட்டர் தரை எல்லாம் கழுவியிருக்கிறாள். நேற்று வரை ஆள் படுத்திருந்து இன்று காலை வெறுமையாகக் கிடக்கிற கட்டில்களை அவள் கண்ட மாதிரி நான் எங்கே கண்டேன்? அவளோடு வாதாட என்னால் ஏலவில்லை. கெஞ்சினேன், கத்தினேன், இரண்டு நாள் கோபத்தில் பேசாமலும் இருந்து பார்த்தேன். அசையவில்லை. திங்கட்கிழமை டொக்டரைச் சந்திக்கக் கடைசி டெர்மின். அன்றைக்கும் சம்மதிக்காவிட்டால் அவளுடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இரண்டு பேரும் வீட்டுக்குள் இருந்து சண்டை பிடித்துச் சாகாமல் எங்கேயாவது போய் வாருங்கள் என்று மகள்தான் சனிக்கிழமை எங்களைத் துரத்திவிட்டாள். பெல்ஜியத்தில் ஃபிளெமிஷ் பேசும் பக்கத்தில் ஒரு சின்னப் பழைய ஊரை அவளே தேர்ந்தெடுத்தாள். காரில் இரண்டரை மணித்தியாலம். ஜெர்மனிக்கு வந்து முப்பது வருடங்களுக்கு மேலாகிறது, நாங்கள் போகாத ஊரா! கலியாணத்துக்கு லண்டன், செத்தவீட்டுக்கு பாரிஸ், ஆவணி மாதத்தில் கேவலார் மாதா கோயில். ஆனால் பார்ப்பதற்கென்றே ஓர் ஊருக்குப் போனதில்லை. அங்கே எங்களுக்கு ஆர் இருக்கினம் என்று மனைவி வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

ஊர் அழகுதான், பொய் சொல்லக்கூடாது. சந்தை வெளியின் நடுவே மணிக்கூண்டு நின்றது. முன்னூற்றுச் சொச்சம் படி என்று பலகையில் போட்டிருந்தார்கள். அவளுடைய வால்வுக்கும் என்னுடைய முழங்காலுக்கும் அது சரிவராது. கீழே மர வாங்கில் உட்கார்ந்து இடியப்பப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டபடி அண்ணாந்து பார்த்தோம். பிறகு, பழைய காலத்தில் கலியாணம் கட்டாத பெண்களும் விதவைகளும் கூடி வாழ்ந்த வெள்ளை வீடுகளைப் பார்த்தோம். நடுவில் புல்வெளி, சுற்றிவர வீடு. ஒருத்தருக்கும் சமைத்துக் கொடுக்கிற தொல்லை இல்லாமல் இருந்திருக்கிறார்கள் என்று என்னைக் கடைக்கண்ணால் பார்த்துச் சொன்னாள். பல நாட்களுக்குப் பிறகு வந்த பகிடி. எனக்குப் பெரிய சந்தோஷம்.

அப்போது பார்த்து மழை கொட்டியது. பக்கத்தில் திறந்திருந்த வாசலுக்குள் ஒதுங்கினோம். உள்ளே போய் டிக்கட் எடுத்த பிறகுதான் பார்க்கிறேன், அது நூற்றாண்டுகளுக்கு முன் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆஸ்பத்திரி. இப்போது நூதனசாலை. நீளமான நோயாளர் மண்டபம், அலுமாரி மாதிரி பலகை அடித்த கட்டில்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் எலும்பு அறுக்கிற வாள். ஒப்பரேஷனுக்குப் பயந்து கிடக்கிற மனிசியைக் கொண்டுவந்து விடுகிற இடமா இது!

அவளோ மேற்பார்வைக்கு வந்தவள் போல எட்டி எட்டி மூலைமுடுக்கெல்லாம் பார்த்தாள். இவ்வளவு பேருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, இந்தப் பலகை இடுக்குகளை எப்படிக் கழுவினார்கள் என்று அவளுக்கு அவளுடைய கவலை. நான் வாளைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் மண்டபத்தின் கோடிக்குப் போய்விட்டாள். அங்கே மரத்தில் செய்த மாதா சுரூபம் ஒன்று, கண்ணாடி எதுவும் இல்லாமல் கல் பீடத்தில் இருந்தது.

நாங்கள் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். மாதாவைக் கண்டால் சப்பாத்தைக் கழற்றி, பாதத்தைத் தொட்டு, தொட்ட கையை முத்தமிடுவது எங்கள் பழக்கம். யோசித்துச் செய்கிற காரியமில்லை, கை தானாகப் போகும். சப்பாத்தைக் காலாலேயே தள்ளிக் கழற்றிவிட்டு நின்ற அவளுடைய கையும் போனது. அலார்ம் அலறத் தொடங்கியது.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. சீருடை போட்ட காவலாளி ஒருவர் விறுவிறு என்று வந்தார். என் வெட்கத்தை நான்தானே சொல்லவேண்டும். அகதியாக வந்த புதிதில் அனுமதிக் கடிதம் இல்லாமல் பக்கத்து நகரத்துக்கே போக முடியாமல் இருந்தவன் நான். சீருடையைக் கண்டால் இன்றைக்கும் கை சட்டைப்பைக்குள் போய்விடும். அந்த மனிதர் வாய் திறக்க முதல் எங்கள் இரண்டு ஜெர்மன் பாஸ்போர்ட்டையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் விளங்காமல் பார்த்தார். அந்தப் பதற்றமெல்லாம் மனைவிமேல் பாய்ந்தது.

"இதென்ன கோயிலெண்டு நினைச்சீரோ?"

"ஓம்," என்றாள், வெறுங்காலோடு நின்றபடி.

காவலாளி என் கையை மெல்ல ஒதுக்கிவிட்டு அலார்மை நிறுத்தினார். வயதான மனிதர். எங்களை வெளியே போகச் சொல்லியிருக்கலாம், அவர் பக்கம்தான் நியாயம். ஆனால் உங்கள் ஊரில் இப்படித்தான் செய்வார்களா என்று அவளிடம் ஜெர்மனில் கேட்டார். அவள் தலையாட்டினாள். உடனே சட்டைப்பையில் இருந்த சின்ன டோர்ச்சை எடுத்து மாதாவின் வலது பாதத்தில் வெளிச்சம் அடித்துக் காட்டினார். அங்கி மடிப்பெல்லாம் நேற்றுச் செதுக்கினது போல இருந்தது. பாதத்தில் மட்டும் விரல்களே இல்லை. பாவித்துத் தேய்ந்த சவுக்காரக் கட்டி மாதிரி வழுவழுத்துக் கிடந்தது.

அது புழு அரித்ததில்லை என்றார். இங்கே படுத்திருந்த நோயாளிகள் நூற்றுக்கணக்கான வருடங்களாகத் தொட்டுத் தொட்டுத் தேய்ந்ததாம். நடக்க ஏலாதவர்களை மற்றவர்கள் தூக்கிக்கொண்டு வந்து தொட வைத்தார்களாம். தொட்டவர்கள் சுகமானார்களா என்று அவள் கேட்டாள். சிலர் சுகமானார்கள், பெரும்பாலானவர்கள் இல்லை என்று அவர் உள்ளதைச் சொன்னார். சூப்பும் படுக்கையும் செபமும்தான் அன்றைக்கு இருந்த வைத்தியம். இனி யாரும் தொட்டால் மிச்சமும் போய்விடும், அதனால்தான் அலார்ம் என்று மன்னிப்புக் கேட்பது போலச் சொல்லிவிட்டுப் போனார்.

அவளை வாங்கில் இருத்தினேன். குனிந்தால் அவளுக்கு மூச்சு முட்டும் என்பதால் நானே முழங்காலில் இருந்து சப்பாத்தைப் போட்டுவிட்டேன். என் தலைக்கு மேலே அவள் குரல் கேட்டது.

"பாவம் அந்தச் சனங்கள். அதுகளுக்குப் பிடிச்சுக்கொள்ளுறதுக்கு அந்தக் கால் ஒண்டுதான் இருந்திருக்கு."

நான் சப்பாத்துக் கயிற்றை இழுத்துச் சரிசெய்தேன். பேசிக் கெடுத்துவிடுவேனோ என்று பயம்.

"எனக்கு டொக்டர் இருக்கினம், மெஷின் இருக்கு. நான் என்னெண்டால் படிவத்துக்கு மேல பில்லை வைச்சுக்கொண்டு திரியிறன். திங்கக்கிழமை வாறன் என்ன."

கயிற்றில் முடிச்சைப் போட்டேன். அழுதேன், மறைக்கவில்லை. அந்தக் காவலாளியின் பெயர் எனக்குத் தெரியாது. சட்டத்தைக் காட்டித் திட்டாமல் டோர்ச்சை எடுத்த அந்தக் கைக்கு இன்றைக்கும் செபத்தில் நன்றி சொல்கிறேன். பாதத்தைத் தேய்த்துவிட்டுப் போன அந்த முகம் தெரியாத நோயாளிகளுக்கும்தான்.

திங்கட்கிழமை, கேள்வி ஏதும் இருக்கிறதா என்று டொக்டர் கேட்டார். ஒன்றே ஒன்று என்றாள். ஒப்பரேஷன் நாளின் பட்டியலில் தன்னை முதல் ஆளாகப் போடவேண்டும், காலையில்தான் தியேட்டர் நன்றாகக் கழுவியிருக்கும், கழுவின தனக்குத்தான் அது தெரியும் என்றாள். டொக்டர் சிரித்துக்கொண்டு எழுதிவைத்தார். அவள் கையெழுத்து வைத்தாள்.

ஒப்பரேஷன் அன்று, சொன்னபடியே முதல் ஆளாகக் கொண்டுபோனார்கள். நான் காலையிலிருந்து கதிரையை விட்டு எழும்பவில்லை, பச்சைத் தண்ணீர் வாயில் வைக்கவில்லை. பின்னேரம் போல உள்ளே கூப்பிட்டார்கள். வயர்களுக்கு நடுவே கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள். தொண்டையிலிருந்து குழாயை எடுத்திருந்தார்கள், குரல் கரகரத்தது. காதைக் கிட்டக் கொண்டுபோனேன்.

"சாப்பிட்டனீங்களோ?"

ஓம் என்று பொய் சொன்னேன்.