காய்ச்சலில் கிடந்த நாயகன்

மலாயாவில், கோல சிலாங்கூரில் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த டிரெசர் ஒல்லியானவர். மருந்து கட்டும்போதும் காதில் ஒரு பென்சில் இருக்கும்; அதில்தான் கதை எழுதுவார். பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலம் அது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காலையில் வாசலில் எல்லாருடைய பைகளையும் சோதிப்பார்கள். அந்த வரிசையில்தான் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியான என்னிடம் அவர் தன் கதைகளைப் பற்றிப் பேசுவார்.

பத்திரிகைச் சிறுகதைப் போட்டிகளில் அவருக்கு ஆறுதல் பரிசுதான் கிடைத்திருந்தது. அடுத்து வந்த நாவல் போட்டிக்கு எழுதத் தொடங்கினார். அவருடைய நாயகன், காட்டுக்குள் போய்விட்ட தம்பிக்கு அரிசி கொண்டுபோக வேண்டும்.

"அதை எழுதுனா போலீஸ்காரன் என்னைப் பிடிச்சுட்டுப் போயிருவான் லா, கிராணி சார். அதான் அவனுக்குக் காய்ச்சல் வர வெச்சுட்டேன்."

"நீங்கதானே டிரெசரு, மருந்து குடுங்களேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. போட்டி முடியும்வரை நாயகன் படுத்தே கிடந்தான். நாவலை அவர் அனுப்பவே இல்லை.

பல மாதம் கழித்து, ஒரு காலையில் அவராகவே சொன்னார்: "எந்திரிச்சுட்டான். வேலி வரைக்கும் நடக்கிறான்."

"அப்புறம்?"

அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது. அவர் பையைத் திறந்து காட்டினார். பிறகு, யாரும் கேட்காமலேயே, காதிலிருந்த பென்சிலையும் எடுத்துக் காவலரிடம் நீட்டினார். காவலர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஏன் அதை நீட்டினார் என்று நான் கேட்கவில்லை. இன்றும் யோசிக்கிறேன்.