ஜெயித்தால் சோறு

எங்கள் தெருவில் கல்யாணத் தேதியைக் குறிப்பது லீவுதான். மாப்பிள்ளையின் லீவும் பெண்ணுடைய வாப்பாவின் லீவும் எந்த வாரத்தில் ஒன்றாக வந்து விழுகிறதோ, அந்த வாரத்தில் நிக்காஹ். மண்டபம், சமையல்காரர், பந்தல் எல்லாம் அதற்குப் பிறகுதான். என் மகளுக்கு அப்படிக் குற்றாலம் சீசன் நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமைந்தது. மாப்பிள்ளை சுரண்டைக்காரர், வளைகுடாவில் ஏசி மெக்கானிக். அவருக்கு லீவு முடிந்தால் முடிந்ததுதான், ஒரு நாள்கூட நீட்ட மாட்டார்கள்.

என் வீட்டுக்காரரும் வளைகுடாவில்தான் இருக்கிறார். ஒரு கால்பந்து கிளப்பில் சலவை வேலை. ஆட்டக்காரர்களின் பனியன், கால்சட்டை, காலுறை எல்லாவற்றையும் துவைத்து, உலர்த்தி, மடித்து, நம்பர்படி பையில் அடுக்குவது அவர் பொறுப்பு. கேட்பவர்களிடம் நான் "கிளப்புல வேலை" என்று மட்டும் சொல்வேன். சிலர் ஓட்டல் என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

அவர் சேர்ந்த வருஷம் அந்த கிளப் உருப்படாத கிளப். ஆடுகிற ஆட்டமெல்லாம் தோல்வி. ஒருநாள் போனில் அழாத குறையாகச் சொன்னார்: "இப்படியே தோத்துட்டு இருந்தா எங்கள்ல பாதிப் பேரை ஊருக்கு அனுப்பிருவாவ போலருக்கு." அன்றைக்கே நேர்ச்சை வைத்தேன். அல்லாவே, அவங்க ஜெயிக்கிற ஒவ்வொரு தடவையும் தேங்காய்ச்சோறு ஆக்கித் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன் என்று. எதுவரைக்கும் என்று சொல்லவில்லை. அந்தச் சவலைப் பிள்ளைகள் எங்கே ஜெயிக்கப்போகிறார்கள் என்ற தைரியம்தான்.

அடுத்த வாரமே ஜெயித்தார்கள். அதற்கடுத்த வாரமும். பிறகு நிற்கவே இல்லை.

மூன்று வருஷம் ஆக்கினேன். ஜுரம் வந்தபோதும் ஆக்கினேன், நோன்பு மாதத்தில் இப்தாருக்கு ஆக்கினேன். பந்து என்றால் கிரிக்கெட் பந்து என்று இருந்த எங்கள் தெருவே அந்த கிளப்பின் ரசிகர் மன்றமாகிவிட்டது. எந்தக் கிழமை யாரோடு ஆட்டம் என்று என்னைவிட அவர்களுக்குத்தான் தெரியும். "மைனி சோறுதான் ஜெயிக்க வைக்குது" என்று வேறு சொல்லிச் சொல்லி, எனக்கே அது மண்டையில் ஏறிவிட்டது.

இந்த வருஷம் ஆசியக் கண்டத்துக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரைக்கும் போனார்கள். தெருமுனையில் திரை கட்டிப் பார்த்தார்கள். ஜெயித்ததும் வெடி போட்டதில் பக்கத்துத் தெரு ஆடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நானும் சிரித்துக்கொண்டே மறுநாள் பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றினேன். மத்தியானம் அவர் கூப்பிட்டார். ஜெயித்தவர் குரல் மாதிரி இல்லை.

"ஏட்டி, ஜெயிச்சிட்டோம்லா."

"தெரியும். சோறு வெந்துட்டு இருக்கு."

"ஆசியாவுல சாம்பியன் ஆயிட்டா உலக கிளப் போட்டியில எடம் உண்டாம். ஒவ்வொரு கண்டத்துல இருந்தும் ஜெயிச்சவன் வருதான். இந்தத் தடவை அமெரிக்காவுல நடக்குது."

"நல்லதுதானே. போயி ஆடிட்டு வரட்டும்."

"எங்களையும் கூட்டிட்டுப் போறாவ. விசா அடிக்க பாஸ்போர்ட்டை எல்லாம் வாங்கிட்டாவ. எல்லார் லீவையும் ரத்து பண்ணிட்டாவ."

"நிக்காஹ்?"

"போட்டிக்கு நடுவுலதான் வருது."

கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சோறு அடிப்பிடித்தது. அதைத்தான் அன்றைக்குப் பிள்ளைகள் தின்றார்கள், ஒரு குறையும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை வீட்டில் தேதியைத் தள்ளி வைக்கக் கேட்டுப் பார்த்தோம். அவர்களும் பாவம், என்ன செய்வார்கள்? மாப்பிள்ளை திரும்பிப் போனால் இன்னும் இரண்டு வருஷம். "வேலையை உதறிட்டு வாங்க" என்று இவரிடம் கத்தினேன். "பாஸ்போர்ட் அவங்க கையில இருக்குடி. கடலை நீந்தியா வருவேன்?" என்றார். மகள் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். "வாப்பா வந்துதான் என்னைக் கட்டிக் கொடுக்கணும்" என்றாள். அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சு எடுத்தாலே மாடிக்குப் போய்விடுவாள். நான் கீழே நின்று யாரைத் திட்டுவது? அமெரிக்காவையா?

வெளியே தலை காட்ட முடியவில்லை. காய்கறிக் கடையில், பஸ் ஸ்டாண்டில், பள்ளிவாசல் பக்கம், பார்க்கிறவர்களெல்லாம் "அண்ணன் அமெரிக்காவுக்குல்லா போறாரு! யோகம்தான் மைனி" என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். ஊரே சந்தோஷப்படும் ஒரு காரியத்துக்கு நான் ஒருத்தி மட்டும் எப்படி ஒப்பாரி வைப்பேன்? வீட்டுக்குள் மகள் முகம், வெளியே ஊர் முகம். இரண்டுக்கும் நடுவில் மூச்சுமுட்டிக் கிடந்தேன்.

ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. முதல் சுற்றில் மூன்று ஆட்டம். அதில் தேறாவிட்டால் மூட்டை கட்டி அனுப்பிவிடுவார்கள், இவர் நிக்காஹுக்கு வந்து சேர்ந்துவிடலாம். இதையும் அவர்தான் சொன்னார், பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெதுவாக. அப்புறம் நான் தொழுகையில் கையேந்தி அவர்கள் தோற்க வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தேன். முதல் ஆட்டத்தில் தோற்றார்கள். தெரு துக்க வீடு மாதிரி கிடந்தது. நான் அறைக்குள் போய் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். இரண்டாவது ஆட்டம் சமம். மூன்றாவதிலும் தோற்றுவிட்டால் போதும்.

அப்போதுதான் நேர்ச்சை ஞாபகம் வந்து குத்தியது. அது இருக்கிறவரைக்கும் இவர்கள் ஜெயித்துக்கொண்டே இருந்தால்? நேராகப் பள்ளிவாசலில் தொழவைக்கும் அசரத்திடம் போனேன். காரணம் சொல்லவில்லை. வைத்த நேர்ச்சையை முறிக்க வழி உண்டா என்று மட்டும் கேட்டேன்.

"முறிச்சா பரிகாரம் இருக்கும்மா" என்றார். "பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போடணும்."

"சோறு ஆக்குதத நிப்பாட்டுறதுக்கும் சோறுதான் ஆக்கணுமா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படித்தான் வருது, என்ன செய்ய?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அசரத்து என்றுகூடப் பார்க்காமல் ஏதாவது சொல்லியிருப்பேன். வாயைப் பொத்திக்கொண்டு வந்தேன்.

தெருவில் போட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும். சோற்றைப் பொட்டலம் கட்டி, பையில் அடுக்கி, ஐந்தருவிக்கு பஸ் ஏறினேன். நல்ல சாரல். தலையில் எண்ணெய் வழிய ஈரத் துண்டோடு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். மங்குஸ்தான் கடைகளைத் தாண்டி, சாலையோரம் கையேந்தி உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஆளுக்கொரு பொட்டலமாகக் கொடுத்துக்கொண்டே போனேன். குரங்கு ஒன்று பின்னாலேயே வந்தது. கால் இல்லாத ஒருவர் பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டு, "வீட்டுச் சோறு. என்னம்மா விசேஷம்?" என்று கேட்டார்.

"மகளுக்குக் கல்யாணம்."

"நல்லாருக்கட்டும். பொண்ணோட அப்பா வரலையா?"

"வருவாரு" என்றேன். சொல்லிவிட்டு அடுத்த பொட்டலத்தை எடுத்தேன். அருவிச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ என்னவோ.

மூன்றாவது ஆட்டம் எங்கள் ஊர் கணக்குக்கு விடிகாலையில். சுபுஹு தொழுதுவிட்டு முற்றத்தைப் பெருக்குகிற சாக்கில் காதைத் தெருமுனைக்குக் கொடுத்திருந்தேன். நெடுநேரம் சத்தமே இல்லை. சத்தம் இல்லாதவரைக்கும் எனக்கு நல்லது. கடைசியில், எல்லாம் முடிந்தது என்று நான் விளக்குமாற்றைச் சாத்தி வைக்கிற நேரத்தில், கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு கூச்சல். ஒன்று–பூஜ்யம். இன்னொரு கண்டத்துச் சாம்பியனைக் கடைசி நிமிஷத்தில் அடித்து, அடுத்த சுற்றுக்குப் போய்விட்டார்கள்.

இளவட்டங்கள் நனைந்துகொண்டே வாசலுக்கு வந்துவிட்டார்கள். "மைனி! ஏத்துங்க சட்டிய!"

நேர்ச்சையை முறித்துவிட்டேன், இனிமேல் சோறு கிடையாது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? ஏன் முறித்தீர்கள் என்று கேட்டால்? உங்கள் கிளப் தோற்க வேண்டும் என்று துஆ கேட்டேன் என்பதா? தேங்காயை எடுத்து உடைத்தேன். அன்றைக்கு உடைத்த வேகத்தில் சிரட்டை சிதறிச் சுவரில் போய் விழுந்தது.

அவர் கூப்பிட்டார். தொண்டை கட்டிப்போயிருந்தது. "கத்துனீங்களோ?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "ஆமாட்டி. பந்து உள்ள போன ஒடனே நானும் கத்திட்டேன். பெறவுதான் ஞாபகம் வந்துச்சு" என்றார். போனை வைத்துவிட்டேன். அவர் பேரில் அப்படி ஒரு கோபம் எனக்கு இதற்கு முன்பு வந்ததில்லை.

நிக்காஹ் நடந்தது. தகப்பன் வர முடியாவிட்டால் பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம். அவர் தம்பி, என் கொழுந்தன், மேடையில் உட்கார்ந்தார். பெண்களுக்குத் திரைக்கு இந்தப்பக்கம் இடம். நான் மகளுக்குப் பக்கத்தில் இருந்தேன். வெள்ளைத் துப்பட்டியை முகம் வரைக்கும் இழுத்துவிட்டுக் குனிந்திருந்தாள். எங்களுக்கு மேடை தெரியாது. மைக்கில் வருவதுதான்.

அவர் அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டிருந்தார். அசரத்து அந்தப் போனை மைக்குக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். முதலில் ஒரு இரைச்சல் வந்தது. கடகடவென்று ஏதோ சுற்றுகிற சத்தம். மண்டபத்தில் சில பேர் மைக்செட்காரரைத் திரும்பிப் பார்த்தார்களாம். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அங்கே நடுராத்திரி, அடுத்த ஆட்டத்துக்கான துணி மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள் இருந்து அவர் குரல்: "என் மகளை நிக்காஹ் செஞ்சு கொடுக்குத பொறுப்பை என் தம்பிகிட்ட ஒப்படைக்கேன்." இரண்டு தடவை சொன்னார். முதல் தடவை சரியாகக் கேட்கவில்லை என்று அசரத்து திருப்பிச் சொல்லச் சொன்னார். துப்பட்டிக்குள் மகளின் தோள் குலுங்கியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், மருதாணி வாசம் அடித்தது.

கொழுந்தன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். "கபூல், ஏற்றுக்கொண்டேன்" என்றார் மாப்பிள்ளை. எல்லாரும் ஆமீன் சொன்னார்கள். அதோடு யாரோ போனை எடுத்து அணைத்துவிட்டார்கள்.

அடுத்த ஆட்டத்தில் தோற்றார்கள். வாரம் தாண்டி இவர் வந்து சேர்ந்தார், பத்து நாள் லீவில். மகளும் மருமகனும் மறுவீட்டு விருந்துக்கு வந்துவிட்டுச் சுரண்டைக்குப் போயிருந்தார்கள். மருமகனுக்கும் கிளம்புகிற நாள் நெருங்கிவிட்டது. போகிற அவசரத்தில் மகள் துப்பட்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். மருதாணிக் கறையும் சந்தனமும் அப்படியே இருந்தன. இவர் வரட்டும், வாங்கு வாங்கென்று வாங்குகிறேன் என்று நான் அடுக்கி வைத்திருந்த பேச்சு கொஞ்சமா நஞ்சமா! முதல் நாள் பயணக் களைப்பு, போகட்டும் என்று விட்டேன்.

மறுநாள் காலையில் பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். குத்தவைத்து உட்கார்ந்து, துப்பட்டியை வாளியில் நனைத்துக் கறை இருந்த இடத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷமாகத் துவைத்துத் துவைத்து விரல் நுனியெல்லாம் வெளுத்துத் தோலுரிந்திருந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"அங்கயும் துவைச்சுட்டு இங்கயுமா? மெஷின் இருக்குல்லா, அதுல போட்டாத்தான் என்ன?"

"வேண்டாம்டி. அந்தச் சத்தம் வேண்டாம்."

தலையை நிமிர்த்தவில்லை. தேய்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு மெஷினை நடுவுல நிப்பாட்ட முடியல. நான் சொன்னது மட்டுந்தான் எனக்குக் கேட்டுச்சு. மாப்பிள்ளை ஏத்துக்கிட்டேன்னு சொன்னது காதுல விழவே இல்லை. பெறவு போனையும் வச்சிட்டாவ." வாளிக்குள் பார்த்தபடியே கேட்டார்: "சொன்னாருல்லா?"

துப்பட்டியின் மறுமுனையைப் பிடித்துப் பிழிந்தேன். "சொன்னாரு" என்றேன். "எனக்கு நல்லாக் கேட்டுச்சு."