சூளையில் வெந்த கோழி

மாசி மாதம். காலை எட்டரை மணிக்குப் போத்தனூர் ரயிலடியில் இறங்கி, ஒன்றேகால் ரூபாய்க்கு ஜட்கா பேசினேன். சிங்காநல்லூர்க் குளத்தங்கரைச் செங்கல் சூளைகளைப் பார்க்க ஐந்து மைல் போக வேண்டும்.

"பழனியப்பன் சூளைக்குங்களா?" என்றார் வண்டிக்காரர். "அவரு சம்சாரத்துக்குக் காய்ச்சல் உட்டு எட்டு நாளாச்சுங்க. உப்பு, காரம் ஒண்ணும் நாக்குக்குத் தெரியறதில்லீங்களாமா. ரெண்டு வாய்க்கு மேல எறங்கறதில்லீங்க."

ஒன்பதே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பழனியப்பன் முழங்கால் வரை சேற்றுடன் நின்றார். பக்கத்துப் பலகையில், மிளகும் மஞ்சளும் தடவிய முழுக் கோழி, வாழையிலையில் சுற்றி நாரால் கட்டப்பட்டிருந்தது. அவர் மனைவி மாராத்தாள் வேப்பமரத்தடிக் கட்டிலில் போர்வையுடன் உட்கார்ந்திருந்தார்.

"இவளை எந்திரிக்க உடக்கூடாதுங்க. சட்டி பானை எனக்கு வராதுங் சார். மண்ணுன்னா வரும்," என்றபடி பழனியப்பன் அந்த இலைப்பொட்டலத்தின் மேல் களிமண்ணை இரண்டு விரற்கடை கனத்துக்கு அப்பினார். கைப்பழக்கம் விடவில்லை, நாலு பக்கமும் தட்டிச் சதுரமாக்கிவிட்டார்.

"ஏனுங்க, அது கோழிங்க. செவுரு கட்டறதுக்கில்லீங்க," என்றார் மாராத்தாள்.

பத்து மணிக்குச் சூளைவாய்க் கங்கில் புதைத்தார். பதினொன்றரைக்கு எடுத்து, இரும்புக் கம்பியால் தட்டினார். "இன்னும் சத்தம் வரலீங்க," என்று திரும்பவும் உள்ளே தள்ளினார். வெந்த செங்கல் கணீரென்று ஒலிக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த பக்குவம் அதுதான்.

பன்னிரண்டேகாலுக்குக் கணீரென்றது. அது கட்டில்வரை கேட்டது.

"கல்லு நல்லா வெந்துபோச்சுங்க. கோழி கரிஞ்சுபோயிருக்கும்!" என்று மாராத்தாள் சிரித்தார். பழனியப்பன் சிரிக்கவில்லை.

சுத்தியல் பட்டதும் ஓடு மூன்றாகப் பிளந்தது. இலையோடு தோலும் கருகி ஒட்டிக்கொண்டு வந்தது. நெஞ்சுக்கறி நார்நாராகக் காய்ந்திருந்தது. தொடை எலும்பை ஒட்டி மட்டும் கொஞ்சம் வெள்ளையாக இருந்தது, ஆவி பறந்தது. அதைப் பிய்த்து, ஊதி, மனைவியின் வாயில் வைத்தார்.

மாராத்தாள் மெதுவாக மென்றார். பிறகு முகத்தைச் சுளித்தார்.

"மொளகு உறைக்குதுங்க. உப்பே போடலீங்களா?"

"உப்பா?" பழனியப்பன் நிமிர்ந்தார். "உனக்குத் தெரியுதா, அம்மணி?"

பதிலுக்கு நிற்காமல், சேற்றுக் காலோடு வீட்டுக்குள் ஓடினார்.

மூன்று மணி ரயிலில் திரும்பினேன். எங்கள் வீட்டில் கறியில் உப்பில்லை என்று சொன்னால் சமைத்தவர் முகம் வாடும். சிங்காநல்லூரில் சமைத்தவர், உப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.