அத்தனை வயலினும் அவர்தான்

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் எனக்கு எதிரே ஒரு பெரியவர் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நரைத்த முடியைப் பின்னால் கட்டியிருந்தார். வானொலியில் பழைய மலேசியத் தமிழ்ப் பாடல் ஒன்று வந்ததும் அவருடைய இடது கை விரல்கள் மேசையில் மெல்ல வாசிக்கத் தொடங்கின.

"இதுல வர்ற வயலினுக்காகவே இந்தப் பாட்ட எங்க கல்யாணத்துல போட்டோம், அங்கிள்," என்றேன்.

"வயலின் ஏதும்மா? நான்தான் சிந்தசைசர் கீபோர்டுல ஒவ்வொண்ணா வாசிச்சு, மேல மேல ரெக்கார்ட் பண்ணேன். கேட்டா பெரிய கூட்டம் மாதிரி இருக்கும். ரூம்ல நான் ஒருத்தன்தான் லா."

"நீங்க வாசிச்சதுன்னு வீட்ல தெரியுமா?"

"தெரிஞ்சவ போயிட்டாம்மா."

பாட்டு முடிந்தது. அறிவிப்பாளர் பாடகர் பெயரையும் இசையமைப்பாளர் பெயரையும் மட்டும் சொன்னார். பெரியவர் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். விளம்பரம் தொடங்கிய பிறகுதான் இலையை மடித்தார். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் காத்திருப்பாரோ என்று நினைத்துக்கொண்டேன்.