எழுபத்திரண்டாம் அளவு

அலுவலகத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். நாற்காலியில் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நின்றுகொண்டே சாப்பிடுவாள், நடந்துகொண்டே போன் பேசுவாள், எதிராளி வாக்கியத்தை முடிப்பதற்குள் "சரி, சரி" என்று கிளம்பிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டுவது.

தொடுதிரைக் கைப்பேசி வந்த புதிதில், ஒரு நாற்காலிக் கடைக்கு மேல்மாடியில், எட்டுப் பேர் சேர்ந்து புத்தகம் படிக்கும் செயலி ஒன்றைச் செய்தார்கள். போனில் போய் யாராவது புத்தகம் படிப்பார்களா என்று ஊரே சிரித்த காலம். புத்தகம் செயலியில் ஏறுவதற்கு முன் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை விரலால் தள்ளிப் பார்ப்பது அவள் பொறுப்பு. எழுத்து உடைகிறதா, வரி ஓரத்தில் வெட்டுப்படுகிறதா, படம் தலைகீழாக நிற்கிறதா என்று பார்த்தால் போதும். படிக்க வேண்டியதில்லை. அவளும் படிக்கவில்லை. பதினோரு வருடத்தில் லட்சக்கணக்கான பக்கங்களைத் தள்ளியவளுக்கு ஒரு கதையின் முடிவுகூடத் தெரியாது. கேட்டால், "முடிவுல ரெண்டு வெத்துப் பக்கம் இருக்கும்" என்பாள்.

செயலிக்கு உள்ளே போகும் எண்களைப் பதிவதும் அவள் தலையில்தான் விழுந்தது. முதல் பதிப்பு வெளியாகும் நாளில், "எழுத்தோட உச்ச அளவு இருபத்தேழு" என்று முதலாளி ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். அவள் ஒரு காலை வாசலில் வைத்துக்கொண்டு எழுபத்திரண்டு என்று தட்டிவிட்டுப் போய்விட்டாள். செயலியும் அப்படியே உலகத்துக்குப் போய்விட்டது.

ஒரு வாரம் கழித்து முதலாளி போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். திரை முழுக்க இரண்டே சொற்கள் நின்றன.

"இது என்னம்மா, புத்தகமா, கடைப் பலகையா? இன்னைக்கே மாத்து."

மாற்றத்தான் போனாள். அதற்குள் ஒரு கடிதம் வந்து கிடந்தது. எழுதியவர் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். 'ஆறு வருடத்துக்குப் பிறகு இன்று யார் உதவியும் இல்லாமல் ஒரு பக்கம் படித்தேன். இதைச் செய்தவரின் கை நன்றாக இருக்க வேண்டும்' என்று எழுதியிருந்தார். முதலாளி அதை இரண்டு தடவை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருக்கட்டும், விடு" என்றார். அவசரத்தில் செய்த தப்புக்கு ஆசீர்வாதம் வாங்கிய ஒரே ஆள் நம் பம்பரமாகத்தான் இருப்பாள்.

கண் மருத்துவமனைகளில் காத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே செயலி பரவியது. பார்வை மங்கியவர்களைப் பார்த்து அவர்கள் பிள்ளைகள் வந்தார்கள், பிள்ளைகளின் சிநேகிதர்கள் வந்தார்கள். எட்டுப் பேர் நாற்பது பேரானார்கள். மேல்மாடி போதாமல் பக்கத்துக் கட்டடத்தையும் பிடித்தார்கள்.

அந்த வரிசையில் ஒருநாள் அவளுடைய அக்காவும் வந்து நின்றாள். பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் நுண்ணோக்கிக்குள் ரத்த அணுக்களைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் அவை. இப்போது நடுவில் பார்ப்பதெல்லாம் புகைமூட்டம், ஓரம் மட்டும் தெளிவு. தம்பதியாக வாழ்ந்த வீட்டில் தனியாளாகிவிட்ட அக்காவுக்குப் புத்தகம்தான் பேச்சுத்துணை. எழுபத்திரண்டாம் அளவில் வைத்து, தலையைச் சாய்த்து, கடைக்கண்ணால் சொல் சொல்லாகப் படிப்பாள். ஒருமுறை செயலியின் புதுப் பதிப்பு இறங்கியதில் எழுத்து சுருங்கிப்போய், அக்கா போனில் அழுதேவிட்டாள். பம்பரம் ஓடிப்போய்ச் சரிசெய்தாள். இனிமேல் எதுவும் தானாக இறங்காதபடி அடைத்துவைத்தாள்.

"இனிமே அது எது கேட்டாலும் 'வேண்டாம்'னு அழுத்திடு. புரியுதா?"

"எது கேட்டாலுமா?"

"எது கேட்டாலும்."

சொல்லிவிட்டு வழக்கம்போல் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

பிறகு ஒரு பெரிய நிறுவனம் செயலியை வாங்கியது. முதலாளி கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார். வாங்கியவர்களுக்குச் சொந்தமாகவே வேறொரு செயலி இருந்தது. இரண்டு வருடத்தில் இது எதற்கு என்று முடிவுகட்டினார்கள். மூடுவிழா நடத்த ஓர் அதிகாரி வந்தார்.

"சார், எங்க வாசகருங்க வாங்கின புத்தகமெல்லாம் என்ன ஆகும்?"

"எங்க செயலியில படிச்சுக்கலாம்மா."

"அதுல எழுத்து முப்பதோட நின்னுடுது."

"முப்பது தாராளம். நான் பதினாலுலதான் படிக்கிறேன்."

"உங்களுக்குக் கண்ணு தெரியுது சார்."

அதிகாரி மணி பார்த்தார்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. செயலியில் ஒரு பூட்டு உண்டு. முப்பது நாளுக்கு ஒருமுறை அது நிறுவனத்தின் கணினியைக் கூப்பிட்டு, 'இந்தப் புத்தகம் இவருடையதுதானா' என்று கேட்கும். பதில் வந்தால் திறக்கும், வராவிட்டால் மூடிக்கொள்ளும். மாதக் கடைசியில் அந்தக் கணினியை அணைக்கப்போகிறார்கள். அதன்பின் முப்பது நாளுக்குள் அத்தனை பேரின் புத்தகமும் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொள்ளும். ரயில் ஓட்டியவருடையது, அக்காவுடையது, எல்லாம். அவள் மாடிக்கும் கீழுக்குமாகக் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தாள்.

கடைசிப் பதிப்பை வெளியிடும் வேலை அவளுக்கே வந்தது. 'இத்தனை நாள் உடனிருந்தமைக்கு நன்றி' என்று ஒரு அறிவிப்பைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். அறிவிப்பைச் சேர்த்தாள். பிறகு பூட்டு இருக்கும் வரிக்குப் போனாள். முப்பது என்ற எண்ணுக்குப் பின்னால் மூன்று பூஜ்ஜியம் போட்டாள். முப்பதாயிரம் நாள் என்றால் எண்பத்திரண்டு வருடம். யாராவது கேட்டால் கை தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். கை தவறுவதில் பெயர் எடுத்தவள்தானே.

கடைசிப் பதிப்பு, போனில் செயலிகளை இறக்கும் இணையக் கடையில் ஒரு வாரம் இருந்தது. பிறகு செயலியையே கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அலுவலகக் கணினியையும் சோதனைப் போன்களையும் எண்ணி ஒப்படைத்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்தாள். விஷயத்தை யாரிடமும் மூச்சுவிடவில்லை. அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. அக்கா வாயில் எதுவும் தங்காது.

அதற்கப்புறம்தான் உண்மையான தவிப்பு. எந்த நிமிடமும் நிறுவனத்திலிருந்து கூப்பிடுவார்கள், 'இது என்ன காரியம்' என்று கேட்பார்கள் என்று பயந்துகொண்டே திரிந்தாள். அலமாரியைக் காலி செய்து திரும்ப அடுக்கினாள். துவைத்ததையே துவைத்தாள். அக்கா வீட்டுப் பக்கம் போகக்கூட மனம் நிலைகொள்ளவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் தூக்கிவாரிப்போட்டது. யாரும் கேட்கவில்லை. ரயில் ஓட்டியவரிடமிருந்து மட்டும் ஒரு செய்தி வந்தது: 'மூடிவிட்டதாகச் சொன்னார்கள். எனக்கு இன்னும் திறக்கிறதே!' அவள் அதைப் படித்துவிட்டு வீடு முழுக்க மூன்று சுற்று நடந்தாள்.

நிறுவனத்தின் கணினியை அணைத்த முப்பதாவது நாள் காலை போன் அடித்தது. அக்கா.

"ஏண்டி, உங்க புத்தகம் தெறக்க மாட்டேங்குது. ஆறு நாளாச்சு. நீயே ஏதோ கவலையில இருக்கியேன்னு சொல்லல."

"தெறக்கும்க்கா. தெறக்கணுமே. கடைசிப் பதிப்பு இறங்கியிருக்குமே."

"எது? நடுவுல ஏதோ புதுசு போடலாமான்னு நாலு தடவை கேட்டுச்சு. நீ சொன்ன மாதிரியே 'வேண்டாம்'னு அழுத்திட்டேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் தானாகவே உட்கார்ந்தாள். ஆயிரக்கணக்கான பேரின் புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டு, கூடப்பிறந்தவளின் புத்தகத்தைத் தன் கையாலேயே சாத்தியிருக்கிறாள். செயலி கடையில் இல்லை. அணைத்த கணினியை அவளால் திரும்பப் போட முடியாது. அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"அழறியா? அட விடுடி. என் கவலையெல்லாம் அந்தப் பொண்ணு மேலதான். கதவைத் தட்டிட்டு நிக்கிறா. ஆறு நாளா மழையில நிக்கிறா, பாவம்."

"எந்தப் பொண்ணு?"

"கதையில வர்ற பொண்ணு. பதினஞ்சு வருஷம் கழிச்சு அம்மா வீட்டுக்கு வந்திருக்கா. நீ தள்ளிப் பார்த்த புத்தகம்தானே அது? உனக்கே தெரியாதா?"

தெரியாது. அக்கா பெயரைச் சொன்னதும், எழுநூற்று நாற்பது பக்கம், படம் இல்லை, வரி உடையவில்லை என்பது மட்டும் நினைவு வந்தது.

மூன்று புத்தகக் கடை ஏறி இறங்கி, நான்காவது கடையில் அதன் அச்சுப் புத்தகம் ஒன்றைப் பிடித்தாள். ஓரம் பழுப்பேறிய, பொடி எழுத்துப் புத்தகம். சாயங்காலம் அக்கா எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பிரித்தால், எழுத்து எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தாள். அக்காவின் ஓரக்கண்ணுக்கு அது தப்பவில்லை.

"உனக்கும் வந்துருச்சா? இவ்வளவு எட்டப் பிடிக்கிறே."

"சும்மா இரு."

"எழுபத்திரண்டுல வச்சுக்கோ" என்று அக்கா சிரித்தாள்.

கதவைத் தட்டும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து வாசிக்கத் தொடங்கினாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வேகத்தில் வாசித்தாள்.

"ஓடாதே. உன்னை யாரும் துரத்தல. மெதுவா."

மெதுவாக வாசித்தாள். கால் தானாக ஆடியது. அக்கா அதன்மேல் கையை வைத்தாள். அந்தப் பெண் இரண்டாம் தடவை தட்டினாள். உள்ளே விளக்கு எரிந்தது. யாரோ தாழ்ப்பாளைத் தேடுகிற சத்தம். பக்கம் அங்கே முடிந்தது. பழக்கதோஷத்தில் காகிதத்தை விரலால் ஓரமாகத் தள்ளினாள், அது அசையவில்லை.

"போதும்டி, உனக்கு உட்கார முடியாது. மீதியை நாளைக்குப் படி" என்றாள் அக்கா.

"பேசாம இரு, அக்கா" என்றாள் அவள், தாளைப் புரட்டிக்கொண்டே. "தெறந்தது யாருன்னு பார்க்கணும்."